பால் குடிச்சிடுச்சே, அப்புறம் என்ன வலி? – கன்றின் வலியை அளக்கும் அளவுகோல்கள் மீது ஒரு விமர்சனம்

கன்றுக்குட்டிக்கு வலிக்குமா என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. வலிக்கும், மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு நேரம் வலிக்கும் என்பதில்தான் சிக்கல். இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் சொன்ன பதில்களைக் கால வரிசையில் அடுக்கினால் ஒரு வேடிக்கை தெரிகிறது. முதலில் சில மணி நேரம் என்றார்கள். பிறகு ஒரு நாள் என்றார்கள். 2020ல் வந்த ஒரு கட்டுரை மூன்று வாரம் ஆகியும் வலி இருக்கிறது என்கிறது. இத்தனைக்கும் கன்று அதே கன்று, சூட்டுக்கோல் அதே சூட்டுக்கோல். அளக்கிற கருவிதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஒவ்வொரு கருவியும் பூஜ்யத்தைக் காட்டியபோது "வலி தீர்ந்தது" என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த கருவி வந்து, தீரவில்லை என்றது. இந்தப் பூஜ்யத்தை எப்படி வாசிப்பது என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். ஆய்வுக்கூட விவகாரம்தானே என்று விட்டுவிட முடியாது. ஊசி போடுவதா வேண்டாமா, போட்டால் எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் இந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான் முடிவாகிறது.

எடுத்துக்காட்டாகக் கொம்புக் குருத்தைச் சுடுவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. உலகம் முழுக்க கறவை இனக் கன்றுகளுக்கு இது செய்யப்படுகிறது. ஒரே இடம், ஒரே விதமான காயம், தெரிந்த நேரம். அதனால் கன்றின் வலியைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும் பங்கு இதைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ரத்தத்தில் தேடியது

முதல் பெரிய அளவுகோல் கார்ட்டிசால். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது அட்ரினல் சுரப்பி விடுகிற ஹார்மோன். நியூசிலாந்தின் மாஸ்ஸி பல்கலைக்கழகத்தில் கெவின் ஸ்டாஃபோர்டும் டேவிட் மெல்லரும் இதில் பல வருடம் உழைத்தார்கள். அவர்களும் மற்றவர்களும் காட்டிய படம் இது: கொம்பை வெட்டியதும் ரத்தத்தில் கார்ட்டிசால் விறுவிறுவென்று ஏறுகிறது, அரை மணி வாக்கில் உச்சம் தொடுகிறது, பிறகு மெல்ல இறங்கி ஏழெட்டு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. வெட்டாமல் குருத்தைச் சுட்டால் ஏற்றமும் குறைவு, இறக்கமும் சீக்கிரம்.

இந்த ஆராய்ச்சியின் உண்மையான சாதனை வேறு இடத்தில் இருக்கிறது. கொம்பு நரம்பைச் சுற்றி லிக்னோகெயின் போட்டு மரத்துப்போக வைத்தால் கார்ட்டிசால் ஏறவில்லை. ஆனால் சுமார் இரண்டு மணி நேரத்தில் மருந்தின் வேகம் தீர்ந்ததும், அதுவரை ஏறாமல் இருந்தது அப்போது ஏறியது. அதாவது மரத்துப்போகும் ஊசி வலியைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். கூடவே வீக்கத்தையும் வலியையும் குறைக்கிற மருந்து ஒன்றையும் கொடுத்தபோதுதான் அந்த இரண்டாவது ஏற்றமும் பெருமளவு அடங்கியது. "இரண்டு மருந்தும் சேர்ந்து வேண்டும்" என்று இன்று பாடப்புத்தகம் சொல்வதற்கு இந்த வேலையே அடிப்படை. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனாலும் கார்ட்டிசாலுக்கு மூன்று குறைகள் உண்டு. ஒன்று, அது வலிக்கு மட்டும் ஏறுவதில்லை. கன்றைப் பிடித்து, தலையை அமுக்கி, கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாலே ஏறும். இரண்டு, அதற்கு ஒரு மேல் எல்லை உண்டு. சுரப்பி முழு வேகத்தில் சுரந்துகொண்டிருக்கும்போது வலி இன்னும் கூடினாலும் எண் கூடாது. மூன்றாவது குறைதான் எனக்கு முக்கியம். கார்ட்டிசால் அவசர நேரத்துக்கான ஹார்மோன். நெருக்கடி நீண்டால் உடம்பு அதற்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், எண் இறங்கும். எண் இறங்கியதால் புண் ஆறிவிட்டது என்று ஆகாது. வீட்டில் துக்கம் நடந்து நாலாவது நாள் அழுகை நின்றுவிட்டது என்பதால் துக்கம் முடிந்தது என்று யாராவது சொல்வோமா?

காதை ஆட்டுது, தலையை உதறுது

அடுத்து நடத்தையைப் பார்த்தார்கள். சுட்ட கன்று காதை விருட் விருட்டென்று ஆட்டும், தலையை உதறும், பின்னங்காலைத் தூக்கித் தலையைச் சொறியப் பார்க்கும், சுவரில் தேய்க்கும். இதையெல்லாம் எண்ணலாம்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து ஃபாக்னரும் டான் வியரியும் 2000ல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் நல்ல மாதிரி. எல்லாக் கன்றுகளுக்கும் அமைதிப்படுத்தும் மருந்தும் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்துத்தான் சுட்டார்கள். பாதிக் கன்றுகளுக்கு மட்டும் கூடுதலாகக் கீட்டோபுரோஃபென். அடுத்த 24 மணி நேரத்தில் அந்த மருந்து கிடைத்த கன்றுகள் காதை ஆட்டியதும் தலையை உதறியதும் குறைவு. கிடைக்காதவை மரத்த உணர்வு போன பிறகு மணிக்கணக்கில் உதறிக்கொண்டிருந்தன.

இந்த அமைப்பு ஏன் புத்திசாலித்தனமானது என்று சொல்லிவிடுகிறேன். கன்று காதை ஆட்டினால் அது வலியா, ஈயா என்று எப்படித் தெரியும்? வலி மருந்து கொடுத்ததும் எது குறைகிறதோ அது வலியின் அடையாளம். ஈ மொய்ப்பதை மருந்து குறைக்காது. இன்னொரு நன்மையும் உண்டு. சுட்ட கன்றையும் சுடாத கன்றையும் ஒப்பிட்டால், எண்ணுகிறவர் கண்ணுக்குத் தலையில் இருக்கிற புண் தெரியும். இது வலியில் இருக்கிற கன்று என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். எல்லாத் தலையிலும் புண் இருந்து, மருந்தில் மட்டும் வேறுபாடு என்றால் எந்தக் கன்றுக்கு எது போட்டது என்று எண்ணுகிறவருக்குத் தெரியாமல் வைக்க முடியும். கன்று நலன் பற்றிய ஆய்வை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

குறை எங்கே? மறுநாள் உதறல் குறைகிறது. குறைந்ததும் மறுபடி அதே வாசிப்பு: சரியாப்போச்சு. ஆனால் உதறுவது திடீர் வலிக்கு உடம்பு காட்டுகிற எதிர்வினை. மந்தமாக, விடாமல் இருக்கிற வலிக்கு உதறிப் பிரயோஜனமில்லை. பல் பிடுங்கிய அன்றைக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலைவோம். மூன்றாம் நாள் பிடித்துக்கொள்வதில்லை. ஆனா அந்தப் பக்கம் மெல்லவும் மாட்டோம்.

கன்றையே கேட்டார்கள்

2013ல் வந்த கட்டுரை எனக்குப் பிடித்தமானது. ஹெதர் நீவ், வியரி முதலானவர்கள் எழுதியது, அதே கனடாப் பல்கலைக்கழகம். கன்றுகளுக்குத் திரையில் இரண்டு நிறங்களைப் பழக்கினார்கள், வெள்ளையும் சிவப்பும். ஒரு நிறத்தை நோக்கிப் போனால் பால் கிடைக்கும். இன்னொன்றை நோக்கிப் போனால் பால் இல்லை, கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். பழகிய பிறகு இரண்டுக்கும் நடுவான நிறங்களைக் காட்டினார்கள். இது பாலா, ஏமாற்றமா என்று கன்றுதான் முடிவு செய்ய வேண்டும். கொம்பு சுடுவதற்கு முன்பு இந்த நடு நிறங்களை நோக்கி நம்பிப் போன கன்றுகள், சுட்ட பிறகு போவது குறைந்தது. மறுநாள் சோதித்தபோதும் அப்படித்தான். மனிதர்களிடம் மனச்சோர்வில் தெரியும் அதே சாய்வு: தெளிவில்லாத எதையும் கெட்டதாகவே எடுத்துக்கொள்வது.

இதில் சந்தேகம் கேட்க இடம் இருக்கிறது. கன்றுகளின் எண்ணிக்கை சின்னது. பழக்குவதற்கே நாள் கணக்காகும், அதனால் பண்ணையில் பயன்படுத்துகிற கருவி இல்லை இது. ஆனாலும் கேள்வியின் தன்மை மாறியதைக் கவனிக்கணும். முதல் இரண்டு கருவிகளும் கன்றின் உடம்பு என்ன செய்கிறது என்று கேட்டன. இது, கன்றுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று கேட்டது.

அடுத்த வருடம், 2014ல், அதே குழுவினர் இன்னொன்று செய்தார்கள். கன்றைத் தாயிடமிருந்து பிரித்த பிறகு இதே சோதனை. அப்போதும் அதே அவநம்பிக்கை, கொம்பு சுட்ட பிறகு காட்டியதைப் போலவே. விமர்சகர் ஒருவர் உடனே சொல்லலாம்: "பார்த்தீர்களா, இந்தக் கருவிக்கு வலிக்கும் பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை." உண்மை, தெரியவில்லை. வலியை மட்டும் தனியாகப் பிரித்து அளக்க விரும்புகிறவருக்கு இது குறை. கன்று நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இது ஒரு செய்தி. சூட்டுக்கோலைத் தொடாமலே ஒரு கன்றின் நாளைக் கெடுக்க முடியும் என்பது அந்தச் செய்தி. வலிக்கான மதிப்பெண் அட்டைகள் எதிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

மூன்று வாரம்

2020ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் சாரா ஆட்காக்கும் கசாண்ட்ரா டக்கரும் கேட்டது இன்னும் எளிய கேள்வி. வலி இல்லாதவனுக்கு வலி மருந்து இனிக்காது. மூன்று வாரத்துக்கு முன்பு கொம்பு சுடப்பட்ட கன்றுக்கு ஓர் இடத்தில் வைத்துக் கொம்பு நரம்பை மரத்துப்போக வைத்தார்கள். வேறோர் இடத்தில் அது இல்லை. பிறகு கன்றை அவிழ்த்துவிட்டு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். சுடப்பட்ட கன்றுகள் மரத்துப்போன இடத்தை நாடின. சுடப்படாத கன்றுகள் நாடவில்லை.

யோசித்துப் பாருங்க. அந்த ஊசியே வலிக்கும் ஊசி. அதையும் மீறி அந்த இடம் நல்ல இடம் என்று கன்றின் நினைவில் பதிந்திருக்கிறது என்றால், மூன்று வாரம் கழித்தும் அங்கே மரத்துப்போக வேண்டிய ஒன்று இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் கார்ட்டிசால் இயல்பு. காது உதறலும் பார்க்கிறவர் கண்ணில் படும்படி இருக்காது. பால் குடிக்கும். துள்ளவும் துள்ளும். இவர்களே முன்பு பார்த்ததில், சூட்டுக்கோல் புண் முழுசாகத் தோல் மூட ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது, தொட்டால் கன்று தலையை இழுத்துக்கொள்கிறது. புண் ஆறாதவரை வலி இருக்கும் என்பது ஊர்ப் பாட்டி சொல்லும் விஷயம். அதை நிரூபிக்க நமக்கு இத்தனை வருடம் ஆனது. காரணம், இடையில் வந்த ஒவ்வொரு கருவியின் பூஜ்யத்தையும் நாம் கொஞ்சம் அவசரமாக நம்பியதுதான்.

இதே கதை மனிதக் குழந்தைகளிடமும் நடந்திருக்கிறது. பச்சைக்குழந்தையின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, அதற்கு வலி பெரிதாகத் தெரியாது என்ற நம்பிக்கையில், 1980கள் வரைகூட மிகக் குறைந்த மயக்க மருந்தோடு சிசுக்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். கே. ஜே. எஸ். ஆனந்தும் சகாக்களும் 1987ல் லான்செட்டில் எழுதிய ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. கன்று விஷயத்தில் அந்த நம்பிக்கை இன்னும் சட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டனில் கொம்பு சுட மரத்துப்போகும் ஊசி கட்டாயம். ஆனால் பிறந்த முதல் வாரத்துக்குள் காரப் பசை தடவிக் கருக்கினால் கட்டாயமில்லை. ஏழு நாள் கன்றுக்குக் காரம் எரியாது என்று எந்தக் கன்று சொன்னது?

மதிப்பெண் அட்டையும் முளைக்குச்சியும்

மேலே சொன்னதெல்லாம் ஆராய்ச்சிக் கருவிகள். தொழுவத்தில் நின்று ஐந்து நிமிடத்தில் பார்க்க மதிப்பெண் அட்டைகள் வந்திருக்கின்றன. இரண்டு பிரபலம். ஒன்று டென்மார்க்கில் கறவைப் பசுக்களை வைத்து உருவானது, 2015. பசுவின் முகத்தைப் பார்ப்பது: காது பின்னுக்குப் போகிறதா, தொங்குகிறதா, கண்ணைச் சுற்றி இறுக்கம் உண்டா, மூக்குத்துளை விறைத்திருக்கிறதா. இன்னொன்று பிரேசிலின் பொட்டுகாட்டுவில் உருவாகி 2014ல் வெளியானது. நடமாட்டம், மற்ற மாடுகளோடு பழகுவது, சுறுசுறுப்பு, பசி, மற்ற நடத்தைகள் என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. நாலைத் தாண்டினால் வலி மருந்து கொடு.

பிரேசில் அட்டையை உருவாக்கப் பயன்பட்டவை காயடிக்கப்பட்ட நெலோர் காளைகள். பெயரே சொல்கிறது, நம்ம நெல்லூர். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர், ஓங்கோல் பக்கத்து மாடுகள் கப்பலேறிப் போய் அங்கே பெருகிய வம்சம். ஆக, நம் பக்கத்து மாட்டுக்கு இந்த அட்டை பொருந்தும் என்று ஆசைப்படத் தோன்றும். ஆனால் இரண்டு தடைகள்.

முதல் தடை வயது. இரண்டு அட்டைகளும் வளர்ந்த மாடுகளை வைத்து உருவானவை. கன்று என்பது சின்ன சைஸ் மாடு கிடையாது. மூன்று வாரக் கன்று இன்னும் சரியாக அசைபோட ஆரம்பிக்கவில்லை, நாளில் பெரும்பகுதி படுத்தே கிடக்கும். வளர்ந்த மாடு சும்மா படுத்துக் கிடந்தால் அதில் செய்தி உண்டு, கன்று படுத்துக் கிடந்தால் அது கன்று. பசி என்ற கட்டம் அதைவிட மோசம். வளர்ந்த மாட்டுக்கு வலி வந்தால் தீவனத்தை விட்டு ஒதுங்கும், அதனால் அது நல்ல அடையாளம். கன்றுக்குப் பால்தான் உயிர். வலியோடும் குடிக்கும். அதிலும் அளந்து அளந்து பால் விடப்படுகிற கன்று, தலையில் நெருப்பு இருந்தாலும் காம்பை விடாது. "சாயந்திரமே பால் குடிச்சிடுச்சுங்க, அதுக்கு ஒண்ணும் இல்ல" என்று நம் ஆட்கள் சொல்வதும், அட்டையில் பசிக்கு 0 போடுவதும் ஒரே தப்பு. ஒன்று தமிழில் இருக்கிறது, இன்னொன்று எண்ணில் இருக்கிறது.

இரண்டாவது தடை கயிறு. நம்ம ஊரில் பெரும்பாலான கன்றுகள் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கிற வீடுகளில் இருக்கின்றன. முளைக்குச்சியில் இரண்டு முழக் கயிற்றில் கட்டிக் கிடக்கும். நடமாட்டம் என்ற கட்டத்தில் என்ன போடுவது? மற்ற மாடுகளை விட்டு ஒதுங்கி நிற்கிறதா என்றால், ஒதுங்கியிருப்பது கன்றா, முளைக்குச்சியா? ஐந்து கட்டத்தில் இரண்டு கட்டம் கட்டுத்தறியிலேயே அடிபட்டுப் போகிறது. பசிக் கட்டத்தை ஏற்கனவே பார்த்தோம். எஞ்சிய இரண்டில் முழு மதிப்பெண் வந்தாலும் மொத்தம் நாலு. மருந்து கொடுக்க நாலைத் தாண்ட வேண்டும். இந்த அட்டையை அப்படியே எடுத்து வந்தால், கட்டிப்போட்ட கன்றுக்கு வலியே வராது. கணக்குப்படி.

அட்டையை உருவாக்கியவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் எந்த மாட்டை, எந்தச் சூழலில் பார்த்தார்கள் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். வேறு மாட்டுக்கு, வேறு தொழுவத்துக்கு அதைக் கேட்காமல் தூக்கிவருகிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

நம் தொழுவத்துக்கு வந்தால்

முதலில் மருந்து. ஃபாக்னரும் வியரியும் பயன்படுத்திய கீட்டோபுரோஃபெனை இந்தியாவில் கால்நடைக்குப் பயன்படுத்த முடியாது. செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகளைக் கொல்கிறது என்பதால் 2006ல் டைக்ளோஃபினாக்கும், 2023ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்குளோஃபினாக்கும் கால்நடை உபயோகத்துக்குத் தடை செய்யப்பட்டன. சரியான தடை. கழுகுக்குப் பாதுகாப்பானது என்று தெரிந்த மெலாக்சிகாம் கைவசம் இருக்கிறது, கன்றின் உடம்பில் அது நீண்ட நேரம் நிற்கும் என்பதும் சாதகம். ஆகவே மருந்து இல்லை என்ற சாக்கு நமக்குக் கிடையாது. ஆனால் ஒரே ஒரு ஊசி ஒன்றிரண்டு நாளைக்குத்தான் காணும். புண் ஆறுவதற்கோ ஆறு வாரத்துக்கு மேல்.

அடுத்து சட்டம். 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வதை எவையெவை என்று பட்டியல் போட்டுவிட்டு, கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது ஆகியவை விதித்த முறைப்படி செய்யப்பட்டால் வதையில் சேராது என்று விலக்கு கொடுத்தது. அந்த முறை எது என்று விவரமான விதிகள் வந்தது 2023ல்தான். பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் வேண்டும், மயக்க மருந்து வேண்டும் என்கின்றன அவை. வரவேற்கலாம். ஆனால் கவனியுங்கள், சட்டமும் கார்ட்டிசால் காலத்திலேயே நிற்கிறது. சுடுகிற அந்தக் கணத்துக்கு மருந்து கேட்கிறது. மரத்த உணர்வு போன மூன்றாவது மணி நேரத்தைப் பற்றியோ மூன்றாவது வாரத்தைப் பற்றியோ அதற்கு அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

கொம்பு சுடுவதே தேவையா என்ற கேள்வியும் இருக்கிறது. முப்பது, ஐம்பது மாடுகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கும் கொட்டகையில் கொம்பு நிஜமான ஆபத்து. மாடு மாட்டைக் குத்தும், மடி கிழியும், ஆளுக்கும் அடிபடும். அங்கே முறையாக, மருந்தோடு, சின்ன வயதில் செய்வதில் நியாயம் இருக்கிறது. காலப்போக்கில் கொம்பில்லாத வம்சத்தைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவது அதைவிட நல்லது. ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரே முளையில் நிற்கப்போகிற இரண்டு கலப்பின மாடுகளுக்கு, பெரிய பண்ணைக் கையேட்டில் இருக்கிறது என்பதற்காக மட்டும் சுட்டால், அந்த வலி எதற்காக?

கடைசியாக, எந்த அட்டையிலும் இல்லாத விஷயம் ஒன்று. மேலே பார்த்த கருவிகள் அனைத்தும் கன்றுக்கு நாம் செய்கிறதை அளக்கின்றன. செய்யாமல் விடுவதை அளப்பதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் கிடைக்காத கன்றுக்கு நோய் எதிர்ப்பு இல்லை. கழிச்சல் வரும், இளைக்கும், சாகும். சுரப்பு விடுவதற்காக மட்டும் மடியில் விட்டுவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துக் கட்டப்படுகிற கன்று தினம் இரண்டு வேளை ஏமாறுகிறது. நடு நிறத் திரையைப் பார்த்து நம்பிக்கை இழந்த கனடாக் கன்றுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. காளைக் கன்று என்றால் நிலைமை இன்னும் மோசம் என்பதை மாடு வைத்திருக்கிறவங்க யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கன்றின் முகத்தை வைத்து மதிப்பெண் போட்டால் பூஜ்யம் வரலாம். சுட்ட தடம் ஒன்றும் இருக்காது.

அப்போ அளக்கவே வேண்டாமா?

வேணும். அளக்காமல் விட்டிருந்தால் லிக்னோகெயின் மட்டும் போதாது என்பதே தெரிந்திருக்காது. அளவுகோலை வாசிக்கும் முறைதான் மாற வேண்டும். எண் ஏறினால் வலி இருக்கிறது என்று நம்பலாம். எண் பூஜ்யம் என்றால், இந்தக் கருவிக்கு எட்டவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். வலி இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சுட்டவருடையது. வலிக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கன்றின் தலையில் கட்டக் கூடாது, அங்கே ஏற்கனவே புண் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றிரண்டு உண்டு. கன்றை அடுத்த கன்றோடு ஒப்பிடாமல், அதையே நேற்றைய நிலையோடு ஒப்பிடுங்க. சுடுவதற்கு முதல் நாள் சாயந்திரம் பத்து நிமிடம் தள்ளி நின்று, எத்தனை தடவை காதை உதறுகிறது, தலையைத் தேய்க்கிறது என்று எண்ணி வைத்தால், ஈ எவ்வளவு, வலி எவ்வளவு என்று மறுநாள் ஓரளவு பிரிக்கலாம். எண்ணிக்கை ஏறியிருந்தால் டாக்டரிடம் சொல்லி இன்னொரு வேளை மெலாக்சிகாம் கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை. சாயந்திரம் கொஞ்ச நேரம் கயிற்றை அவிழ்த்துவிடுங்க. கொம்பு சுட்ட கன்றுகள் துள்ளி ஓடுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால் குறைவாகக் கிடைக்கிற கன்றும் துள்ளாது. அதனால் துள்ளாத கன்றைப் பார்த்தால் முதலில் தலையைப் பாருங்க, அடுத்து வயிற்றைப் பாருங்க. துள்ளினாலும் மூன்று வாரம் வரைக்கும் அந்தப் புண் பக்கம் கயிறு உரசாமல் கட்டுங்க, தலையைப் பிடித்து இழுக்காதீங்க.

இதற்கு அட்டை வேண்டியதில்லை. கன்றை அவிழ்த்துவிட ஒரு பத்து நிமிடமும், கொஞ்சம் இடமும் போதும். நம் தொழுவங்களில் கன்றுக்கு அதிகம் கிடைக்காதவை அவை இரண்டும்தான்.